பித்தப்பை ஆபரேஷன்: 8 மாசக் கைக்குழந்தையும் 3 வயசுப் பையனும் இருக்கிற வீட்டில் முதல் மாசத்தை எப்படி ஓட்டுவது?

வெண்பூ:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்குப் பித்தப்பையில் கல். அடுத்த மாசம் லேப்ராஸ்கோபியில் (சின்னத் துளை போட்டு) பையை எடுக்கத் தேதி கொடுத்திருக்காங்க. பாப்பாவுக்கு 8 மாசம், 8 கிலோ, தாய்ப்பால் குடிக்கிறா, பாட்டில் பழக்கமே இல்லை. பையனுக்கு 3 வயசு, 13 கிலோ, தூங்குறப்ப இடுப்புல தூக்கிட்டு நடக்கணும். மாப்பிள்ளைக்கு 5 நாள்தான் லீவு. அம்மா 2 வாரம் வந்து இருப்பாங்க, ஆனா அவங்களுக்கு மூட்டு வலி. வீட்ல பாய் போட்டுத்தான் படுக்கிறாங்க, பாப்பாவுக்குத் தூளி, டாய்லெட் இந்தியன் டைப்.

டாக்டர் "வெயிட் தூக்காதீங்க, எண்ணெய் குறைச்சுக்கோங்க"ன்னு மட்டும் சொன்னார். எத்தனை கிலோ, எத்தனை நாள்? பால் கொடுக்கிறதை நிறுத்தணுமா? எந்த மாதிரி அறிகுறி வந்தா ராத்திரின்னும் பாக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும்? பாப்பா கொஞ்சம் வளர்ற வரைக்கும் ஆபரேஷனையே தள்ளிப் போடலாமான்னும் ஒரு யோசனை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்லணை:

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். கல்லால வலி வர ஆரம்பிச்சிருந்தா தள்ளிப் போடாதீங்க. ஒரு சின்னக் கல் நழுவிப் பித்தக்குழாயில் அடைச்சா மஞ்சள் காமாலை வரும், கணையம் வீங்கும். அப்படி அவசரமா சேர்க்க வேண்டி வந்தா ஆஸ்பத்திரி வாசமும் கூடும், வீட்டுல எந்த ஏற்பாடும் இருக்காது. இப்ப கையில தேதி இருக்கு, அதுதான் உங்களுக்கு வசதி. ஆபரேஷனுக்கு முந்தின வாரத்துல வீட்டை மாத்தி வைங்க. பாதிப் பிரச்சினை அதுலயே தீரும்.

வயித்துல வழக்கமா 4 துளை போடுவாங்க. தொப்புள்கிட்ட ஒண்ணு, நெஞ்சுக்குழிக்குக் கீழ ஒண்ணு, இது ரெண்டும் சுமார் 10 மி.மீ. வலது விலாவுக்குக் கீழ 5 மி.மீ.ல ரெண்டு. வெளிய தோல் ஒரு வாரத்துல ஒட்டிக்கும். உள்ள இருக்கிற கெட்டியான சவ்வுதான் வயித்தைத் தாங்குது, அது நிதானமாத்தான் ஆறும். 3 வாரத்துல பழைய பலத்துல ஏறக்குறைய கால் பங்கு, 6 வாரத்துல பாதின்னு வச்சுக்கலாம். தங்கச்சிக்குப் பிரசவமாகி 8 மாசம்தான் ஆகுது, தொப்புள் பக்கம் ஏற்கெனவே தளர்ந்து இருக்கும். அங்க குடலிறக்கம் வரக் கூடாதுன்னுதான் எடை தூக்க வேண்டாம்னு சொல்றாங்க.

முதல் 2 வாரம் 4 கிலோவுக்கு மேல எதையும் தூக்க வேண்டாம். பாப்பா 8 கிலோ, கணக்குக்கு வெளிய போயிடுறா. ஆனா தூக்குறதும் மடியில வச்சுக்கிறதும் வேற வேற. கைப்பிடி இல்லாத நாற்காலியில தங்கச்சி நேரா உக்காந்து, வயித்து மேல தலகாணி வச்சுக்கட்டும். இன்னொருத்தர் பாப்பாவை எடுத்து இடது பக்கமா மடியில விடட்டும். இதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளே செய்யலாம். 3-வது வாரத்துல, கட்டில் உயரத்துல இருக்கிற பாப்பாவை உடம்போட ஒட்டி அணைச்சு எடுத்துப் பாக்கலாம். தொப்புள்ல சுருக்குன்னு இழுத்தா அன்னைக்கு விட்டுடணும். தரையிலிருந்து குனிஞ்சு எடுக்கிறது 4 வாரம் கழிச்சு. 13 கிலோப் பையனை இடுப்புல ஏத்துறது 6 வாரம் வரைக்கும் வேண்டாம். அவனுக்கு ஒரு சின்ன முக்காலியைக் கட்டில் பக்கத்துல போட்டுக் கொடுத்து, "நீயே ஏறி அம்மா இடது பக்கம் வந்து படு"ன்னு இப்பவே பழக்குங்க. 3 வயசுக்கு அது தாராளமா வரும். ஆபரேஷன் முடிஞ்ச பிறகு பழக்கினா, அம்மா ஒதுக்குறாங்கன்னு நினைச்சு அழுவான்.

பிள்ளைங்களைத் தவிர மத்த எடையெல்லாம் மறந்துடும். ஈரத்துணி நிறைஞ்ச வாளி, 20 லிட்டர் தண்ணி கேன், தண்ணிக் குடம், கிரைண்டர் கல், சாதத்தோட 5 லிட்டர் குக்கர், எல்லாமே 4 கிலோவுக்கு மேல. சிலிண்டர் நிறைஞ்சிருந்தா ஏறக்குறைய 30 கிலோ, அதை நகத்தவும் கூடாது.

அடுத்தது பாய். தரையிலிருந்து எந்திரிக்கிறதுதான் முதல் வாரத்துல ரொம்ப வலிக்கும். ரெண்டு வாரத்துக்காவது ஒரு கட்டில் ஏற்பாடு பண்ணுங்க, வாடகைக்கும் கிடைக்கும். எந்திரிக்கிறப்ப மல்லாக்க இருந்து நேரா நிமிரக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒண்ணா திரும்புற மாதிரி இடது பக்கம் ஒருக்களிச்சு, ரெண்டு காலையும் கட்டில் ஓரத்துல தொங்க விட்டு, இடது முழங்கையையும் வலது உள்ளங்கையையும் ஊன்றி எழணும். மூச்சை அடக்காம, விட்டுக்கிட்டே எழணும். இருமல், தும்மல் வந்தா தலகாணியை வயித்தோட அழுத்திப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே நாலஞ்சு தடவை செஞ்சு பழகிட்டா அன்னைக்குத் தடுமாற்றம் இருக்காது.

டாய்லெட்டுக்கு, நடுவுல ஓட்டை உள்ள கமோடு நாற்காலி மெடிக்கல் கடையில கிடைக்கும், இந்தியன் டாய்லெட் மேலயே போட்டுக்கலாம். குந்துறதால புண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. குந்தி எந்திரிக்கிற முக்கல்தான் பிரச்சினை.

தூளி பத்தி. தொங்குற துணிக்குள்ள குனிஞ்சு, கையை நீட்டி, 8 கிலோவை உடம்பை விட்டுத் தள்ளி வெளிய எடுக்கணும். வயித்துத் தசைக்கு இதைவிடப் பெரிய இழுப்பு வீட்டு வேலையில குறைவு. தூளியை உயரமா கட்டலாம்னு தோணும். பாப்பா இப்ப உக்கார, எம்பப் பழகுற வயசு, உயரத்துலேர்ந்து விழுந்தா ஆபத்து. ஆட்டுறது மட்டும் தங்கச்சி, போடுறதும் எடுக்கிறதும் வேற ஆள்னு வச்சுக்கோங்க. ஆள் இல்லாத நேரத்துல தூளி வேண்டாம்.

கால் மேல போட்டுக் குளிப்பாட்டுறதும் 4 வாரத்துக்கு அவங்க வேலை இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிப்பாட்டி, நடுவுல ஈரத்துணியால துடைச்சு விட்டாலே போதும். துணி மாத்துறதைக் கட்டில்ல பாப்பாவைப் போட்டு, பக்கத்துல நாற்காலியில உக்காந்து செய்யலாம். துணி, துடைப்பான், குப்பைக் கவர் எல்லாம் முதல்லயே கை எட்டுற இடத்துல இருக்கணும். எட்டி எடுக்கத் திரும்பின நொடியில பாப்பா உருண்டுடுவா, விழுறதைப் பிடிக்கப் பாயறப்பதான் தையல்ல அடி விழும்.

தாழம்பூ:

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. "மயக்க மருந்து போயிருக்கு, 24 மணி நேரம் பாலைப் பீய்ச்சிக் கொட்டணும்"னு இன்னமும் பலர் சொல்றாங்க. இப்ப வழக்கத்துல இருக்கிற மயக்க மருந்துகள் பாலுக்குள்ள மிகக் கொஞ்சமாத்தான் போகும். தாய் நல்லாத் தெளிஞ்சு, தெளிவாப் பேசி, டம்ளரைத் தானே பிடிச்சுக் குடிக்கிற நிலைக்கு வந்ததும் பால் கொடுக்கலாம்.

தியேட்டருக்குக் கூட்டிப் போறதுக்குச் சற்று முன்னால ஒரு தடவை கொடுத்துடணும். பட்டினி தாய்க்குத்தான், குழந்தைக்கு இல்லை. போய்த் திரும்ப 4லிருந்து 6 மணி நேரம் ஆகும்னு கணக்கு வச்சுக்கோங்க, தாமதமானா இன்னும் கூடலாம். ஒரு வேளைக்கு 120-150 மி.லி.ன்னா, 450 மி.லி. எடுத்து வச்சிருந்தா பயமில்லை. பீய்ச்சின பாலை ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காம உள்பக்கம் வச்சா 4 நாள் இருக்கும். வெளிய வச்சா 25 டிகிரியில 4 மணி நேரம்தான், நம்ம ஊர் வெயிலுக்கு அதையும் நம்பாதீங்க. வெந்நீர்ல பாத்திரத்தை வச்சு வெதுவெதுப்பாக்கினாப் போதும், அடுப்புல காய்ச்ச வேண்டாம். பாப்பாவுக்குப் பாட்டில் பழக்கமில்லைன்னா புதுசாப் பழக்கவும் தேவையில்லை. 8 மாசத்துல சின்ன டம்ளர்ல, சங்குல குடிக்கும். 10 நாள் முன்னாடியிலிருந்து பாட்டியோ அப்பாவோ கொடுத்துப் பழக்கணும். அம்மா கையில டம்ளரைப் பாத்தா பல பிள்ளைங்க வாயைத் திறக்காது. பருப்பு சாதம், கஞ்சி சாப்பிடுற வயசுங்கறதால இடையில வயித்தை நிரப்ப வழி இருக்கு.

ஒரு விஷயத்தை யாரும் சொல்றதில்லை. அன்னைக்கு மார்புல பால் கட்டிடும். 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை கையாலயோ பம்ப்பாலயோ கொஞ்சம் இறக்கணும். விட்டுட்டா கட்டி, வீங்கி, காய்ச்சல் வரும். ஆபரேஷன் ஆன 3-வது நாள் காய்ச்சல் வந்தா அது மார்பா, வயிறான்னு வீட்டுல பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். மார்புல ஒரு பகுதி மட்டும் சிவந்து, கெட்டியா, தொட்டாச் சுட்டா பால் கட்டுதான் காரணமா இருக்கலாம். அப்பவும் 38 டிகிரியைத் (100.4 ஃபாரன்ஹீட்) தாண்டினா நீங்களே முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

கொடுக்கிற முறை: இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்து, பாப்பாவைப் பக்கத்துல படுக்க வச்சுக் கொடுக்கிறது முதல் 4 நாளைக்கு நல்லது. துளை நாலும் நடுவுலயும் வலதுலயும்னு இருக்கிறதால இடது பக்கம் படுத்தா வலி குறைவு. உக்காந்து கொடுக்கிறப்ப, பாப்பா உடம்பு கைக்கு அடியில, கால் முதுகுப் பக்கம் போற மாதிரி இடுக்கிப் பிடிச்சா உதை வயித்துல விழாது.

மாத்திரை: பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் ரெண்டும் பால் கொடுக்கிறவங்க எடுக்கலாம், டைக்ளோஃபினாக்கும் சில நாளைக்குப் பரவாயில்லை. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகத் தொந்தரவு இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. டிராமடால், கோடீன் உள்ள வலி மாத்திரை வேண்டாம்னு டிஸ்சார்ஜ் எழுதுறதுக்கு முன்னாலயே கேளுங்க. பால் கொடுக்கிறவங்க இந்த ரெண்டையும் எடுக்க வேண்டாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல எச்சரிச்சது. ஏற்கெனவே கொடுத்திருந்தா, பாப்பா எழுப்பியும் எழாம மந்தமா இருக்கா, பால் இழுக்கிறது குறையுதா, மூச்சு மெதுவாகுதான்னு பாருங்க. அந்த மாத்திரை போட்ட ராத்திரி தாய் பக்கத்துல பாப்பாவைத் தூங்க வைக்கக் கூடாது.

அட்டையைத் திருப்பிப் படிங்க. அசிக்ளோஃபினாக் மாத்திரை நிறையதுல 325 மி.கி. பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அதோட தனியா 650 பாராசிட்டமாலும் போட்டா கணக்கு தப்பிடும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஒல்லியானவங்களுக்கு அதைவிடக் குறைவு. முதல் 3 நாள் வலி வந்த பிறகு போடாம, காலை 6, மதியம் 12, மாலை 6, ராத்திரி 12ன்னு மணி பாத்துப் போட்டா, பிள்ளை அழுறப்ப எந்திரிக்கிற தெம்பு இருக்கும். மாத்திரை அட்டை பையன் கைக்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும்.

இன்னொண்ணு. கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா, ஆபரேஷனுக்காகத் தசையைத் தளர்த்தின மருந்தை முறிக்க சுகமாடெக்ஸ்ங்கிற மருந்து போட்டாங்களான்னு கேட்டு வாங்கிக்கோங்க. போட்டிருந்தா அடுத்த 7 நாளைக்கு மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது.

பச்சைமிளகாய்:

சாப்பாட்டைப் பத்தி நான் சொல்றேன். ஈரல் பித்தத்தைச் சுரந்துகிட்டேதான் இருக்கும். பை அதைச் சேர்த்து, கெட்டியாக்கி, கொழுப்பு வர்றப்ப மொத்தமாப் பீய்ச்சும். பை போன பிறகு பித்தம் சொட்டு சொட்டா நேரா குடலுக்கு வருது. அதனால ஒரே வேளையில நிறையக் கொழுப்பு போனாச் சமாளிக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாப் போனா முடியும். ஆயுசுக்கும் பத்தியம் தேவையில்லை, 4லிருந்து 6 வாரத்துல பெரும்பாலானவங்க வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துடுவாங்க.

முதல் நாள் கஞ்சித் தண்ணி, இளநீர், நீர்மோர், அப்புறம் இட்லி ரெண்டு. முதல் வாரம் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், பாசிப்பருப்பு குழைய வேகவச்ச சாதம், சுரைக்காய், புடலங்காய் கூட்டு தேங்காய் இல்லாம. 3 வேளையா சாப்பிடாம 5, 6 தடவையாப் பிரிச்சுக்கட்டும். முதல் 2 வாரம் சமையல் எண்ணெய் ஒரு நாளைக்கு 3 டீஸ்பூன், ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன். கண்ணால ஊத்தினா 3 டீஸ்பூன்ங்கறது 6 ஆகிடும், ஸ்பூன்ல அளந்தே ஊத்துங்க.

எண்ணெயைக் குறைச்சுட்டுத் தேங்காயை விட்டுடறாங்க. துருவின தேங்காயில எடையில மூணுல ஒரு பங்கு கொழுப்பு. ரெண்டு இட்லிக்கு ஒரு கிண்ணம் தேங்காய்ச் சட்னின்னா எண்ணெயைக் குறைச்சதுக்குப் பலனே இல்லை. தக்காளி, புதினா, கொத்தமல்லிச் சட்னி வைங்க. பால்ல டோன்டு 3 சதவீதம், ஃபுல் க்ரீம் 6 சதவீதம், பாக்கெட்டைப் பாத்து வாங்குங்க.

பிள்ளைக்குப் பால் குடுக்கிறவங்க கொழுப்பைத்தான் குறைக்கணும், சாப்பாட்டையே குறைக்கக் கூடாது. பால் சுரக்க நாளைக்கு 500 கலோரிக்கு மேல கூடுதலாத் தேவை. பருப்பு, சுண்டல், முட்டை வெள்ளை, குழம்புல போட்ட மீன், தோல் எடுத்து வேகவச்ச கோழின்னு புரதம் இருந்தாத்தான் புண்ணும் ஆறும். "தயிர், முட்டை, கருவாடு சாப்பிட்டா தையல் சீழ் பிடிக்கும்"னு பெரியவங்க சொல்லுவாங்க. சீழ் பிடிக்கிறது கிருமியால, தயிராலயோ முட்டையாலயோ இல்லை. பால் ஊற வைக்கச் செய்யுற பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு ரெண்டும் நல்லதுதான். ஆனா அதுல நல்லெண்ணெய் மிதக்கும், கால் பங்கு எண்ணெய்ல தாளிச்சுச் செய்யச் சொல்லுங்க. அம்மா மனசு நோகாம இதைச் சொல்லணும்னா எண்ணெய் அளவை டாக்டர் வாயாலயே சொல்ல வைங்க.

வடை, பரோட்டா, பிரியாணி, நெய் ரோஸ்ட் 4 வாரம் கழிச்சு. அதுவும் மதியம், பாதி அளவு, ஒண்ணு சாப்பிட்டு ரெண்டு நாள் பாத்து அடுத்தது. ராத்திரியில சோதனை பண்ணாதீங்க.

முதல் 4 நாள் மலச்சிக்கல்தான் அதிகம். சாப்பாடு குறைவு, நடை குறைவு, வலி மருந்து, மூணும் சேர்ந்துடும். தண்ணி 2.5 லிட்டர், வெந்நீர்ல ஊறின உலர் திராட்சை, பழுத்த பப்பாளி. 2 நாளா போகலைன்னா லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி. ராத்திரி எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, பால் கொடுக்கிறவங்களுக்கும் அது ஒத்துக்கும். முக்கிப் போற நிலைமைக்கு விடக் கூடாது.

வெண்பூ:

ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விவரம் எதிர்பாக்கலை. மூணு சந்தேகம். தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு அவங்க டாக்டர் 2 வாரத்துலேயே எல்லாம் தூக்கலாம்னு சொன்னாராம், இங்க 6 வாரம்னு இருக்கு. எதை நம்புறது? ரெண்டாவது, தோள்பட்டை வலி பயங்கரமா இருக்கும்னு சொல்றாங்க, அதுக்குக் கேஸ் மாத்திரை வாங்கி வச்சுக்கலாமா? மூணாவது, பெல்ட் போடணுமா?

மஞ்சள்வானம்:

சிக்கலில்லாத லேப்ராஸ்கோபிக்கு 2 வாரம் என்று சொல்லும் அறுவை மருத்துவர்களும் உண்டு, 6 வாரம் என்பவர்களும் உண்டு. உறுதியான ஒரே எண் கிடையாது. தொப்புள் துளையை எவ்வளவு அகலப்படுத்திப் பையை வெளியே எடுத்தார்கள் என்பது மருத்துவருக்குத்தான் தெரியும். பெரிய கல்லாக இருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக்குவார்கள். டிஸ்சார்ஜ் அன்று "8 கிலோ என்றைக்கு, 13 கிலோ என்றைக்கு" என்று எடையைச் சொல்லிக் கேளுங்கள். "குழந்தையைத் தூக்கலாமா" என்று மட்டும் கேட்டால் பிறந்த குழந்தை என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார்கள். துளை வழியாக முடியாமல் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் கணக்கே வேறு. பல நாள் ஆஸ்பத்திரி, தேற 6 முதல் 8 வாரம். அதனால் அம்மாவின் 2 வாரத்துக்குப் பிறகு யார் வருவார் என்று ஒரு பெயரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தோள்பட்டை வலி: வயிற்றுக்குள் இடம் உண்டாக்க கார்பன் டை ஆக்சைடு நிரப்புகிறார்கள். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்தத் தசையின் நரம்பும் தோளுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரிகிறது, பெரும்பாலும் வலது தோளில். இந்த வாயு குடலுக்கு வெளியே இருக்கிறது. கேஸ் மாத்திரை, பெருங்காயத் தண்ணீர், ஓமத் தண்ணீர் எதுவும் அங்கே போய்ச் சேராது. ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறும். 2, 3 நாளில் தீரும். மணிக்கு ஒரு தடவை 5 நிமிடம் வீட்டுக்குள் நடப்பதும், தோளில் வெந்நீர் ஒத்தடமும், நேரத்துக்கு வலி மாத்திரையும் போதும். நடப்பதால் காலில் ரத்தம் உறைவதும் தடுக்கப்படும். படி ஏறலாம், நிதானமாக. தோள் வலியோடு மூச்சுத் திணறல் வந்தால் அது வேறு விஷயம், உடனே போக வேண்டும்.

பெல்ட் கட்டாயமில்லை. நடக்கும்போது ஆறுதலாக இருக்கிறது என்றால் பகலில் போடலாம். பெல்ட் போட்டதால் தூக்கலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. அதைவிட முக்கியம் நாடா. உள்பாவாடை நாடா, சுடிதார் நாடா இரண்டும் சரியாகத் தொப்புள் துளை மேலேயே உராயும். 2 வாரம் முன்பக்கம் திறக்கும் தொளதொள நைட்டிதான் வசதி, பால் கொடுக்கவும் எளிது. குழந்தையைக் கட்டித் தூக்கும் கேரியர் பை நெஞ்சுக்குழித் தையலை அழுத்தும், அதுவும் வேண்டாம்.

புண்: மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் 48 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். தண்ணீர் மேலே வழிந்து ஓடட்டும், தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் புண் மேல் வேண்டாம். கரையாத தையல் அல்லது ஸ்டேப்ளர் பின் போட்டிருந்தால் 7 முதல் 10 நாளில் எடுப்பார்கள். பையன் உதைத்துவிட்டால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் வலி ஒரு மணி நேரத்தில் அடங்கும். ரத்தம் கசிந்தால் சுத்தத் துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டாலும், தொப்புள் அருகே புடைப்பு தெரிந்தாலும் காட்டிவிடுங்கள்.

ராத்திரி என்றும் பார்க்காமல் போக வேண்டியவை: முதல் வாரத்தில் வலி குறைந்துகொண்டே வராமல் திரும்பவும் ஏறுவது, வயிறு உப்புவது, காய்ச்சல், குளிர் நடுக்கம். பித்தக்குழாய் வெட்டிய இடத்தில் கசிந்தால் இப்படித்தான் தொடங்கும். "பித்தக் கசிவா பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் டீ டிக்காக்‌ஷன் நிறத்தில் போவது, மலம் வெளுத்துக் களிமண் மாதிரி ஆவது, இவை குழாயில் கல் தங்கியிருக்கலாம் என்பதற்கு அடையாளம். அதை வாய் வழியாகக் குழாய் விட்டு ஈ.ஆர்.சி.பி. முறையில் எடுத்துவிடலாம். விடாத வாந்தி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, இவையும் அவசரம்.

தாமதமாக வருவது ஒன்று உண்டு. எல்லாம் ஆறிவிட்டது என்று இருக்கும்போது, 3, 4 வாரம் கழித்துத் துளை இருந்த இடத்தில் சிறு கட்டி கிளம்பி நீர் வடியும். வழக்கமான ஆன்டிபயாடிக்கில் ஆறாமல் திரும்பத் திரும்ப வரும். காசநோய்க் கிருமியின் வகையைச் சேர்ந்த வேறு கிருமிகளால் இது வரலாம். ஒரு கோர்ஸ் மாத்திரைக்கு அடங்காவிட்டால் வடியும் நீரை அந்தக் கிருமிக்கான கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மாதக்கணக்கில் மாத்திரை மாற்றிக்கொண்டே இருப்பது வீண்.

ஆற்றுமணல்:

இதே திரியில கேட்டுக்கலாமா? பை எடுத்து 5 வாரம். சாப்பிட்ட அரை மணி நேரத்துல வயித்தால போகுது, காலையில காபி குடிச்சா உடனே. குழந்தையைப் பள்ளிக்கூடத்துல விடப் போறதுக்கே பயமா இருக்கு. எண்ணெய் சுத்தமாவே சேர்க்கிறதில்லை. இது சரியாகுமா?

பச்சைமிளகாய்:

கொழுப்பைச் சுத்தமா நிறுத்தினாலும் சிலருக்கு இது நிக்காது. பித்தம் இப்ப நாள் பூரா சொட்டுது, குடல்ல உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணியை இழுக்குது. ராத்திரி நீளமாப் பட்டினி கிடந்து, வெறும் வயித்துல காபி குடிச்சா குடல் ஒரே தள்ளாத் தள்ளும். எந்திரிச்சதும் காபிக்கு முன்னாடி ஒரு இட்லியோ பழுத்த வாழைப்பழமோ சாப்பிடுங்க. காபியை 10 நாளைக்கு அரை டம்ளராக்கிப் பாருங்க. இசப்கோல் ஒரு டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணியில கலந்து உடனே குடிக்கணும், ஊற விட்டாக் கூழாயிடும். மலச்சிக்கலுக்குத்தானே இதுன்னு கேப்பாங்க. தண்ணியை இழுத்துப் பிடிச்சுக் கெட்டியாக்குறதால இதுக்கும் உதவும். மத்த மாத்திரை ஏதாவது இருந்தா 2 மணி நேரம் தள்ளிப் போடுங்க. ஓட்ஸ் கஞ்சியும் நல்லது.

ரெண்டு வாரத்துல குறையலைன்னா டாக்டர்கிட்ட "பித்த அமிலத்தால போகுதா"ன்னு கேளுங்க. அதைப் பிடிச்சு வைக்கிற கொலஸ்டைரமின்ங்கிற தூள் மருந்து இருக்கு, அதுக்கு நல்லாக் கேக்கும். மலத்துல ரத்தம், எடை குறையுறது, தூக்கத்துலேர்ந்து எழுப்புற அளவுக்குப் போறது, இதுல ஏதாவது இருந்தா ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

வெண்பூ:

கட்டிலுக்குச் சொல்லியாச்சு, பையனும் முக்காலி போட்டு ஏறப் பழகுறான். பயாப்சிக்கு அனுப்புவாங்கன்னு சொன்னாங்களே, அது எதுக்கு? அதைத் தனியா வாங்கணுமா?

மஞ்சள்வானம்:

எடுத்த பையை நுண்ணோக்கியில் பார்த்து எழுதித் தருவது அது. பெரும்பாலும் "நாள்பட்ட அழற்சி, கல்" என்றுதான் வரும். அரிதாக, ஸ்கேனில் தெரியாத புற்றுநோய் அதில்தான் முதன்முதலாகத் தெரியும், அதுவும் தொடக்க நிலையில். ரிப்போர்ட் பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் வரும், அதாவது டிஸ்சார்ஜுக்குப் பிறகு. பிள்ளைகளோடு ஓடும் ஓட்டத்தில் பலர் போய் வாங்குவதே இல்லை. தையல் பார்க்கப் போகும் நாளிலேயே லேபில் கேட்டு வாங்கி, மருத்துவர் கண்ணில் படும்படி மேசை மேல் வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக ஒரு பிரதி மாப்பிள்ளையிடமும் இருக்கட்டும்.